சர்க்கார் என்பது ஆளா, ஆட்சியா?

இந்தி கற்றுக்கொண்டிருக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது. ஒரு ரூபாய் நோட்டில் 'பாரத் சர்க்கார்' என்று இந்தியில் அச்சடித்திருக்கிறது, அது அரசாங்கம், சரி. ஆனால் பழைய இந்திப் படங்களில் வேலைக்காரன் ஜமீன்தார் முன்னால் கைகட்டி நின்று 'ஜீ சர்க்கார்' என்கிறானே, அது என்ன? வங்காளிகள் நிறையப் பேருக்கு அது குடும்பப் பெயராக இருக்கிறது. கோயம்புத்தூர்ப் பக்கம் சர்க்கார் சாமக்குளம் என்று ஊரே உண்டு. எல்லாம் ஒரே சொல்லா? மூலம் சமஸ்கிருதமா, பாரசீகமா? பேசும்போது எப்படிச் சொல்வது?

ஒரே சொல்தான். பாரசீகம்தான். ஆனால் இதோடு நிறுத்தினால் விஷயத்தின் ருசியே போய்விடும். இந்தச் சொல் முதலில் ஒரு ஆளைக் குறித்தது, அப்புறம் அந்த ஆளின் வீட்டை, அவருடைய கஜானாவை, அவர் நிலத்தை, கடைசியில் ராஜ்ஜியத்தை. இவ்வளவு தூரம் நடந்து வந்த பிறகும் இந்தியில் அந்த முதல் ஆள் எழுந்து போகாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் படத்தில் பார்த்த ஜமீன்தார் அவர்தான்.

பிரித்தால் 'சர்' + 'கார்'. (வெள்ளைக்காரனை 'சார்' என்று கூப்பிட்டார்கள், அவன் காரில் வந்தான், அதனால் சர்க்கார் என்று ஒரு பெரியவர் முழு நம்பிக்கையோடு எனக்கு விளக்கியிருக்கிறார். மோட்டார் கார் வருவதற்கு முந்நூறு வருஷம் முன்பே இந்தச் சொல் இங்கே நிலவரிக் கணக்கில் இருந்தது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.) பாரசீகத்தில் 'சர்' என்றால் தலை, 'கார்' என்றால் வேலை. வேலைக்குத் தலையாக நிற்பவர், காரியத்தைப் பார்த்து நடத்துகிறவர். மேஸ்திரி, மேலாள், காரியஸ்தர் என்று நாம் சொல்கிற வகை ஆள். ஆட்சி, நாடு என்ற பெரிய பேச்செல்லாம் அந்தப் பொருளில் கிடையாது.

சமஸ்கிருதமா என்று கேட்டதற்கும் காரணம் இருக்கிறது. தலைக்கு அங்கே 'சிரஸ்', வேலைக்கு 'கார்யம்'. நம் தமிழிலேயே சிரம், காரியம் என்று இரண்டும் புழங்குகின்றன. சர்க்காரைப் பார்த்ததும் 'சிரஸ்+கார' என்பதன் சிதைவு என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அது தவறு. பழைய ஈரானிய மொழியும் வேத மொழியும் ஒரே வீட்டில் பிறந்த அக்கா தங்கைகள். அக்கா வீட்டில் 'சிரஸ்', தங்கை வீட்டில் 'சர்'. நூறு என்பதற்கு இங்கே 'சத', அங்கே 'சத்'; வெள்ளைக்கு இங்கே 'ச்வேத', அங்கே 'சஃபேத்'. ஒன்றிலிருந்து மற்றது வரவில்லை, இரண்டும் அதற்கு முந்தைய ஒன்றிலிருந்து வந்தவை. ஆக, சர்க்கார் என்கிற முழுச்சொல் பாரசீக வீட்டில் கட்டிய வீடு, ஆனால் செங்கல் இரண்டும் நமக்குப் பழக்கமான சூளையில் வெந்தவை. இந்தியில் தலைக்கு 'சிர்', வேலைக்கு 'காம்' என்கிறார்கள் இல்லையா, அவை சமஸ்கிருத வழியில் வந்த சிரஸ், கர்மம். அதாவது இந்திக்காரர் வாயில் பெரியம்மா பிள்ளையும் சித்தி பிள்ளையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருத்தரை ஒருத்தர் அடையாளம் தெரியாமல்.

அந்த 'சர்' நம்மிடமும் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். சர்தார், தலைமையைத் தாங்கியவர். சர்பஞ்ச், ஐவர் கூட்டத்தின் தலை. இதில் முன்பாதி பாரசீகம், பின்பாதி சமஸ்கிருதம். கோர்ட்டில் சிரஸ்தார் என்று ஒருவர் இருப்பாரே, நீதிமன்றப் படிக்கட்டு ஏறியவர்களுக்குத் தெரியும், அது 'சர்-ரிஷ்தா-தார்': ரிஷ்தா என்றால் நூல், சர்-ரிஷ்தா என்றால் நூலின் தலைப்பு, அதைக் கையில் பிடித்திருப்பவர் சிரஸ்தார். கட்டுக் கட்டாகக் கிடக்கும் பழைய வழக்குகளில் எந்த நூலை இழுத்தால் எது வரும் என்று தெரிந்த ஆளுக்கு இதைவிடப் பொருத்தமாக யாரும் பெயர் வைக்க முடியாது. அதையும் தாண்டி எனக்குப் பிடித்தது 'சராசரி'. தினம் பத்துத் தடவை சொல்கிறோம், மழை அளவு சராசரி, மதிப்பெண் சராசரி என்று. அது பாரசீக 'சராசர்', அதாவது தலை முதல் தலை வரை, இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும். எல்லாவற்றையும் மொத்தமாகச் சேர்த்துப் பார்ப்பது என்ற பொருளில் மராத்தி, தெலுங்கு, தமிழ்ப் பக்கம் கணக்குச் சொல்லாகிவிட்டது. இந்தியில் அதே சொல் வேறு வழியில் போய், 'சராசர் ஜூட்' என்றால் தலை முதல் கால் வரை பொய், அப்பட்டமான பொய். நம் ஊர் சராசரியும் அங்கத்தி பச்சைப் பொய்யும் ஒரே தலையிலிருந்து வந்தவை என்பதைத் தேர்தல் கருத்துக்கணிப்பு பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்ளலாம்.

'கார்' பக்கம் போனால் கார்கானா (வேலை நடக்கும் இடம்), காரீகர் (கைவேலைக்காரர்), பேகார் (வேலையற்றது, உதவாதது), கோயில்களில் முன்பு இருந்த பேஷ்கார் (முன்னால் நின்று காரியம் பார்ப்பவர்). நம் பால்காரர், வேலைக்காரர் என்பதில் வரும் '-காரர்' வடமொழி 'கார' வழி வந்தது என்று பலரும் சொல்வார்கள். அதை ஏற்றுக்கொண்டால் சர்க்காரும் பால்காரரும் தூரத்து உறவு.

இப்போது ஒரு வேடிக்கை. சொல் பாரசீகம், ஆனால் இன்றைக்கு டெஹ்ரானில் போய் 'சர்க்கார்' என்றால் அரசாங்கம் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அங்கே போலீஸ்காரரை மரியாதையாகக் கூப்பிட 'சர்க்கார்' என்பார்கள், ஒரு பெண்மணியை உயர்த்திச் சொல்ல 'சர்க்காரே கானும்' என்பார்கள். 'சரே கார்' என்று கொஞ்சம் பிரித்துச் சொன்னால் 'வேலையில் இருக்கிறார்' என்று பொருள். அதையே வைத்து ஒருவரைக் கேலிசெய்து ஏமாற்றுவதற்கும் ஒரு வழக்கு உண்டு, 'வேலையில் உட்காரவைத்துவிட்டான்' என்கிற மாதிரி. அரசாங்கத்துக்கு அவர்கள் சொல் 'தௌலத்'. இந்தியில் தௌலத் என்றால் சொத்து, பணம். அரபியில் அதன் வேர்ப்பொருள் சுழற்சி, முறை மாறி வருவது: அதிர்ஷ்டம் ஒருத்தர் பக்கம் திரும்பினால் அது அவருடைய காலம், அவருடைய ஆட்சி. ஈரானியர் ஆட்சியை எடுத்துக்கொண்டார்கள், இந்திக்காரர் பணத்தை எடுத்துக்கொண்டார்கள், சென்னைப் பேச்சு 'தவுலத்து' என்று பந்தாவை எடுத்துக்கொண்டது. ஆக, சர்க்கார் என்றால் ஆட்சி என்ற பொருள் இந்திய மண்ணில் விளைந்தது. சரக்கு அங்கத்தியது, சமையல் இங்கே.

அந்தச் சமையல் எப்படி நடந்தது? முகலாயர் காலத்துக் காகிதங்களில் சர்க்கார் என்பது பெரும்பாலும் ஒரு பெரிய மனிதரின் மொத்த ஏற்பாடு. இளவரசருக்கு ஒரு சர்க்கார், பேகத்துக்கு ஒரு சர்க்கார், பெரிய அமீருக்கு ஒரு சர்க்கார். அவரவர் கஜானா, கணக்கர், குதிரை லாயம், சமையல்கட்டு, பட்டறை எல்லாம் சேர்ந்தது. நம் ஊரில் 'பண்ணை' என்றால் நிலம் மட்டுமில்லை, 'பெரிய வீடு' என்றால் கட்டடம் மட்டுமில்லை இல்லையா, அந்த மாதிரி. காரியத்துக்குத் தலையாக இருந்த ஆள், அவர் காரியம் நடக்கிற இடமாகிவிட்டார். 'இது சர்க்காரில் சேரவேண்டிய பணம்' என்றால் எஜமான் வீட்டுக் கஜானாவுக்குப் போகவேண்டியது என்று அர்த்தம். எல்லா எஜமான்களுக்கும் மேலே இருக்கிற எஜமான் பாதுஷா என்பதால், அவர் வீட்டுக் கஜானாதான் நாட்டுக் கஜானா. வீட்டுக் கணக்குக்கும் நாட்டுக் கணக்குக்கும் நடுவில் கோடு போடாத ஒரு காலத்தில் 'எஜமான் வீடு' என்ற சொல் 'ராஜ்ஜியம்' என்று மாறுவதற்கு யாரும் தீர்மானம் போடவேண்டியிருக்கவில்லை.

இடையில் அதற்கு இன்னொரு கிளையும் முளைத்தது: நிர்வாகப் பிரிவு. அக்பருக்கு முன் தில்லியை ஆண்ட ஷேர் ஷா (1540–45) காலத்திலேயே பர்கனாக்கள் (ஊர்த் தொகுதிகள்) பலவற்றைச் சேர்த்து ஒரு சர்க்கார் என்று வைத்தார்கள், அக்பர் அதை எடுத்து மேலே சூபா என்ற மாகாணத்தை வைத்தார். அக்பர் ஆட்சியின் விவரநூலான அயினி அக்பரியில் அவருடைய 40ஆம் ஆட்சியாண்டுக் கணக்காக 105 சர்க்கார், 2737 ஊர் என்று கொடுத்திருக்கிறது. நம் இன்றைய மாவட்டம் என்று தோராயமாகச் சொல்லலாம். இந்தப் பொருள் வட இந்தியாவில் செத்துப் போய்விட்டது. உயிரோடு இருப்பது நமக்குப் பக்கத்தில், ஆந்திரக் கடற்கரையில். சிக்காகோல் (ஸ்ரீகாகுளம்), ராஜமந்திரி, ஏலூரு, கொண்டபல்லி, குண்டூர் என்ற ஐந்தும் நிஜாம் நாட்டின் சர்க்கார்கள். 1765இல் பாதுஷா ஷா ஆலமிடம் ஃபர்மான் (அரச ஆணை) வாங்கி, அடுத்த வருஷம் நிஜாமோடும் உடன்படிக்கை போட்டு, குண்டூரை மட்டும் 1788 வரை காத்திருந்து கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) எடுத்துக்கொண்டது. மதராஸ் மாகாணத்தின் வரைபடத்தில் அவை 'வட சர்க்கார்கள்' ஆயின. தெலுங்கில் கடலோர மாவட்டங்களுக்கு இன்றும் 'சர்க்காரு ஜில்லாலு' என்ற பெயர் உண்டு. சென்னை வழியாகக் காக்கிநாடாவுக்கு ஓடுகிற சர்க்கார் எக்ஸ்பிரஸில் போயிருப்பீர்கள். அது அரசாங்க வண்டி என்று பெயர் வைத்ததில்லை (எல்லா ரயிலும்தான் அரசாங்க வண்டி), அக்பர் காலத்து மாவட்டப் பெயரில் ஓடுகிற வண்டி.

சர்க்கார் சாமக்குளம் வேறு கதை. அங்கே சர்க்கார் என்றால் மாவட்டம் இல்லை, வரி யாருக்குப் போகிறது என்பதன் முத்திரை. கும்பினி காலத்தில் ஒரு ஊரின் வரி நேராகச் சர்க்காருக்குக் கட்டுவதாக இருக்கலாம், அல்லது ஜமீன்தாருக்கோ மிட்டாதாருக்கோ இனாம்தாருக்கோ கட்டுவதாக இருக்கலாம். சேலம் ஜில்லாவில் 1802–03 வாக்கில் ஊர்களைக் கட்டுக் கட்டாகப் பிரித்து மிட்டா என்று ஏலம் விட்டார்கள், எடுத்தவர் மிட்டாதார். ஒரே மாதிரிப் பெயருள்ள ஊர்கள் பக்கத்தில் இருந்தால் குழப்பம் வரும், அதனால் கணக்குப்பிள்ளை பெயருக்கு முன்னால் ஒரு அடையாளத்தைப் போட்டார். சேலத்தில் சர்க்கார் கொல்லப்பட்டி, திருப்பூர்ப் பக்கம் சர்க்கார் பெரியபாளையம், கோவையில் சர்க்கார் சாமக்குளம் என்று நிற்பதெல்லாம் அந்தச் சாதி. சேலத்திலேயே அமானி கொண்டலாம்பட்டி இருக்கிறது. அமானி என்றால் குத்தகைக்கு விடாமல் சர்க்கார் ஆளே நேரில் வசூல் பண்ணுவது, அதுவும் இதே பேரேட்டிலிருந்து வந்த பெயர்தான். மிட்டாவும் ஜமீனும் 1948 சட்டத்தோடு போய்விட்டன. சர்க்காரும் பேச்சில் அரசாங்கமாகி, எழுத்தில் அரசு ஆகிவிட்டது. ஊர்ப்பெயரில் மட்டும் அது எஸ். என்று இனிஷியலாகச் சுருங்கி உட்கார்ந்திருக்கிறது. பஸ் போர்டில் எஸ்.எஸ்.குளம் என்று பார்ப்பவர்களுக்கு முதல் எஸ் யார் என்று தெரியாது.

(தமிழில் ஏன் 'க்க' என்று இரட்டிக்கிறோம் என்றும் ஒருவர் கேட்டிருந்தார். ஒற்றைக் 'க' போட்டு 'சர்கார்' என்று எழுதினால் நம் வாயில் அது 'சர்gaar' மாதிரி மெலிந்துவிடும் என்ற பயம்தான். வல்லினத்தைக் காப்பாற்ற ஒரு முட்டு. இந்தியில் 'ஸ-ர-கா-ர' என்று நாலு எழுத்தும் தனித்தனியாக நிற்கும், கூட்டெழுத்து கிடையாது, ஆனால் படிக்கும்போது நடு அகரம் விழுந்துவிடும்.)

வங்காளத்துக் குடும்பப் பெயரும் அந்தப் பழைய முதல் பொருளிலிருந்து வந்ததுதான். ஜமீன் காரியத்தையோ வியாபாரி வீட்டுக் கணக்கையோ பார்த்தவர் சர்க்கார். இந்து வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் இந்தப் பெயர் இருப்பதற்குக் காரணம், அது சாதிப் பெயர் இல்லை, உத்தியோகப் பெயர். நம் கணக்குப்பிள்ளை, மணியக்காரர் குடும்பப் பட்டமானதைப் போல. முகலாயக் காகிதங்களைத் தோண்டியெடுத்து வரலாறு எழுதிய ஜாதுநாத் சர்க்காருக்கு (1870–1958) இதைவிட எடுப்பான பெயர் அமைந்திருக்க முடியாது.

இனி உங்கள் ஜமீன்தாருக்கு வருவோம். இந்தியில் சர்க்கார் அரசாங்கமா, எஜமானா என்பதை இலக்கணமே காட்டிக்கொடுத்துவிடும். நான் இதை அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

ஜான்சியில் வேலை பார்த்த காலத்தில் ஒரு பழைய ஜமீன் குடும்பத்துக்காரர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். மே மாதம், மதியம் இரண்டு மணி, காலையிலிருந்து கரண்ட் இல்லை. வாடகை கொடுக்கக் கீழே இறங்கினேன். வராந்தாவில் ஒரு கிழவர் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அந்த வீட்டில் அவருக்கு நாற்பது வருஷ வேலை. என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "சர்க்கார் ஸோ ரஹே ஹைன்" என்றார். எனக்கு அப்போது ரூபாய் நோட்டு இந்திதான் தெரியும். சர்க்கார் தூங்குகிறது என்கிறார், கரண்ட் இல்லாத கடுப்பில் அரசியல் பேசுகிறார் என்று எடுத்துக்கொண்டு, நானும் விடாமல், "ஆமாம் பாபா, ரொம்ப வருஷமாகவே தூங்குகிறது, யாராவது உதைத்து எழுப்பவேண்டும்" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லிவைத்தேன். கிழவர் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. ஒன்றும் பேசவில்லை. துண்டை எடுத்து உதறி மறுபடி தலையில் போட்டுக்கொண்டார். மறுநாள் ஆபீசில் சொன்னபோது ஒரு நண்பர் சிரித்து முடித்துவிட்டு விளக்கினார்: அரசாங்கம் என்ற பொருளில் சர்க்கார் பெண்பால், 'ஸோ ரஹீ ஹை' என்று வரும். எஜமானர் என்ற பொருளில் ஆண்பால், அதுவும் மரியாதைப் பன்மை, 'ஸோ ரஹே ஹைன்'. ஒரு 'ஹீ'க்கும் 'ஹே'க்கும் நடுவில் நான் வீட்டுக்காரரை உதைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இதுதான் அந்தச் சொல்லின் முழு வரலாறும். ஆள் ஆணாக, மரியாதையோடு நிற்கிறார். அமைப்பு பெண்ணாகப் போய்விட்டது. 'சர்க்கார் கிர் கயீ', ஆட்சி கவிழ்ந்தது. 'சர்க்கார் ஆ கயே', ஐயா வந்துவிட்டார். இன்னும் அழகு, இரண்டு பொருளும் ஒட்டிக்கொண்டிருக்கிற பழமொழிகள். 'தேல் ஜலே சர்க்கார் கா, மிர்ஸா கேலே ஃபாக்' என்று ஒன்று: எரிவது சர்க்கார் எண்ணெய், ஹோலி கொண்டாடுவது மிர்ஸா. அந்த சர்க்கார் எஜமானா அரசாங்கமா என்று கேட்டால் சொல்லமுடியாது, எண்ணெய் தன்னுடையது இல்லை, அவ்வளவுதான் மிர்ஸாவுக்கு முக்கியம். நம்மிடம் 'ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' இருக்கிறது, அதே ஆள்தான், எண்ணெய்க்குப் பதில் நெய். 'சர்க்காரீ தாமாத்' என்றால் அரசாங்க மாப்பிள்ளை, வேலை செய்யாமல் உபசாரம் வாங்குகிறவர். மாப்பிள்ளை என்று ஒருவர் இருந்தால் மாமனார் என்று ஒருவர் இருந்தாகவேண்டும். அங்கேயும் சர்க்கார் ஆளாகிவிடுகிறது. 'சர்க்காரீ கவாஹ்' என்றால் அப்ரூவர், குற்றத்தில் கூட இருந்துவிட்டு அரசுத் தரப்புக்கு மாறியவர்.

ஜான்சியிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் ஓர்ச்சா, பேத்வா நதிக்கரையில். மாநிலம் மாறிவிடும், அது மத்தியப் பிரதேசம். அங்கே ராமர் சாமி மட்டும் இல்லை, ராஜா. பதினாறாம் நூற்றாண்டில் புந்தேலா அரசர் மதுகர் ஷாவின் ராணி அயோத்தியிலிருந்து விக்கிரகத்தைக் கொண்டுவந்தாள், அவருக்காகப் பெரிய சதுர்புஜக் கோயில் எழும்பிக்கொண்டிருந்தது, அது முடியும்வரை அரண்மனையில் வைத்தாள், அப்புறம் விக்கிரகம் நகரவே இல்லை என்பது ஊர்க்கதை. முதலில் எங்கே வைக்கிறாயோ அங்கேயே இருப்பேன், அந்த ஊருக்கு நான்தான் ராஜா என்று ராமர் முன்கூட்டியே நிபந்தனை போட்டிருந்தாராம். ஆகவே அரண்மனை கோயிலாகிவிட்டது, கோபுரம் வைத்த கோயில் பக்கத்தில் காலியாக நின்றது. பார்த்தால் கோயில் மாதிரியே இருக்காது, முற்றமும் வளைவுகளுமாக ஒரு பெரிய வீடு. சாமியின் பெயர் 'ராம் ராஜா சர்க்கார்'. ஆரத்தி நேரத்தில் துப்பாக்கியோடு போலீஸ்காரர் வந்து நின்று ராஜாவுக்குக் கொடுக்கிற அணிவகுப்பு மரியாதையைக் கொடுக்கிறார். அவர் மத்தியப் பிரதேச சர்க்காரின் போலீஸ். பெண்பால் சர்க்காரின் சம்பளம் வாங்குகிற ஆள், ஆண்பால் சர்க்காருக்கு சல்யூட் அடிக்கிறார். இந்தச் சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கப்படம் நான் பார்த்ததில்லை. அந்தப் பக்கம் அனுமாரையும் சர்க்கார் என்பார்கள். அஜ்மீர் தர்காவுக்குப் போகிறவர்கள் அங்கே அடங்கியிருக்கும் ஞானி கரீப் நவாஸையும் சர்க்கார் என்பார்கள். மனுப் போடவேண்டிய இடம் எதுவோ அது சர்க்கார்.

ஒரு நாடே இந்த இரண்டு பொருளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டதென்றால் அது நேபாளம். ராஜா இருந்த காலத்தில் அங்கே அவரை நேரில் சர்க்கார் என்றுதான் அழைக்கவேண்டியிருந்தது. அரசாங்கத்தின் பெயரோ 'ஸ்ரீ பாஞ்ச் கோ சர்க்கார்', ஐந்து ஸ்ரீ போட்ட மன்னரின் சர்க்கார். (ராணா பிரதமர்களுக்கு மூன்று ஸ்ரீ. கணக்கு வழக்கு சரியாக இருக்கவேண்டும் இல்லையா.) 2006 மே மாதம் மக்கள் எழுச்சிக்குப் பிறகு கூடிய நாடாளுமன்றம் முதல் வேலையாகச் செய்தவற்றில் ஒன்று, அந்த ஐந்து ஸ்ரீயை எடுத்துவிட்டு 'நேபாள் சர்க்கார்' என்று மாற்றியது. ஆளை எடுத்தார்கள், சொல்லை வைத்துக்கொண்டார்கள். மன்னராட்சி முழுசாகப் போக இன்னும் இரண்டு வருஷம் ஆயிற்று, பெயர்ப்பலகை முன்னாலேயே போய்விட்டது.

மராத்தியர் கதை இன்னும் காரமானது. 1943 முதல் 46 வரை சதாரா ஜில்லாவில் நானா பாட்டீல் தலைமையில் வெள்ளைக்காரனுக்குப் போட்டியாகத் தனி அரசாங்கமே நடத்தினார்கள், சொந்த நீதிமன்றம், சொந்தத் தீர்ப்பு. பெயர் 'பிரதி சர்க்கார்', எதிர் அரசு. துரோகிகளுக்கும் காட்டிக்கொடுத்தவர்களுக்கும் அவர்கள் கொடுத்த தண்டனை உள்ளங்காலில் அடிப்பது, மாட்டுக்கு லாடம் அடிக்கிற மாதிரி. மராத்தியில் லாடத்தகட்டுக்கு 'பத்ரி'. ஜனங்கள் வாயில் பிரதி சர்க்கார் 'பத்ரி சர்க்கார்' ஆகிவிட்டது. அகராதி பார்த்து வைத்த பெயரைவிட, வாங்கியவன் காலை வைத்து வைத்த பெயர் நின்றது. அதே 1943இல் நேதாஜி சிங்கப்பூரில் அறிவித்த தற்காலிக அரசு இந்தச் சொல்லை எடுக்கவில்லை: 'ஆர்ஸீ ஹுகூமத்-ஏ-ஆஸாத் ஹிந்த்', ஹுகூமத், அதாவது ஆட்சி. இன்று இந்திக்காரர்கள் அதையும் ஆஸாத் ஹிந்த் சர்க்கார் என்றே சொல்லிவிடுகிறார்கள்.

எந்த அரசு தன்னை என்ன சொல்லிக்கொள்கிறது என்று பார்த்தால் ஒழுங்கே கிடையாது. பாகிஸ்தான், சொல்லின் தாய்மொழிக்கு நம்மைவிடப் பக்கத்தில் இருந்தும், 'ஹுகூமத்-ஏ-பாகிஸ்தான்' என்கிறது. பங்களாதேஷ் சர்க்கார் என்கிறது. மஹாராஷ்டிராவின் பலகைகளில் 'ஷாசன்'. ஆந்திராவில் 'பிரபுத்வம்'. கேரளம், கர்நாடகம் இரண்டிலும் சர்க்கார்; பெங்களூர் விதான சௌதாவின் நெற்றியிலேயே 'சர்க்காரின் வேலை தேவரின் வேலை' என்று கன்னடத்தில் செதுக்கியிருக்கிறது. நாம் மட்டும்தான் அரசு என்று சொந்தச் சொல்லுக்குத் திரும்பினோம், ஆனால் தாசில்தாரையும் ஜமாபந்தியையும் பசலியையும் பத்திரமாக வைத்துக்கொண்டோம். தெலுங்கில் சீமைக்கருவேல முள்ளுக்கு 'சர்க்காரு தும்ம' என்று பெயர். எங்கே பார்த்தாலும் பரவியிருக்கும், வெட்டினாலும் முளைக்கும்.

கடைசியாக, பேசும்போது என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். அரசாங்கம் என்ற பொருளில் தாராளமாகச் சொல்லுங்கள், பெண்பால் வினை போடுங்கள். ஆளை 'சர்க்கார்' என்று இப்போது நண்பர்களுக்குள் கிண்டலாகத்தான் சொல்வார்கள், தாமதமாக வந்தவனைப் பார்த்து 'ஆயியே சர்க்கார்' என்கிற மாதிரி. லக்னோவிலோ கான்பூரிலோ ரிக்ஷாக்காரர் உங்களை 'சர்க்கார்' என்று கூப்பிட்டால் சந்தோஷப்படுவதற்கு முன்னால் கூலியைப் பேசிவிடுங்கள். இறங்கும்போது அது கூடியிருக்கும்.